பின்கட்டில் ஒரு விறகு பாய்லர்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் நிரந்தரமாக இருப்பது மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், 86 வயது மாமியார். பங்காளிகள் எல்லாம் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். முன்னோருக்கான படைப்புக்கோ பிள்ளையார் நோன்புக்கோ ஒரு கல்யாணத்துக்கோ வந்து கூடினால் நாற்பது பேருக்கு இலை போடவேண்டும். மூன்று பேருக்கு வாங்குவதா, நாற்பது பேருக்கு வாங்குவதா என்று குழம்பி முதல் தடவை வெந்நீர் பாய்லரைத் தவறாக வாங்கினேன். இரண்டாவது தடவை வாங்கியது சரியாக அமைந்துவிட்டது. அதைப் போன வருஷம் ஐப்பசியிலிருந்து தினமும் எரித்துவருகிறேன். 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். அதனால் தராசு, வெப்பமானி இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வெயிலுக்கு வெந்நீர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் வீடுகள் வெயிலை உள்ளே விடக்கூடாது என்று கட்டியவை. உயரமான கூரை, தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, காலடியில் ஆத்தங்குடிக் கல். சித்திரை வைகாசியில் அதன் அருமை தெரியும். மார்கழியில் விடிகாலை நாலரை மணிக்கு வளவில், அதாவது உள்முற்றத்தில், வெறுங்காலோடு நடந்தால் குளிர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். மாமியாருக்கு முழங்கால் தேய்மானம். வெந்நீர் ஊற்றிக்கொண்டால்தான் அன்றைக்கு எழுந்து நடமாடுவார்.

முன்பெல்லாம் சமையல் நடக்கிற மூன்றாங்கட்டில் கோட்டை அடுப்பில் அண்டா ஏறும். கொதிக்கக் கொதிக்க மோந்து குளியலறைக்குத் தூக்கிப்போக வேண்டும். எங்களிடம் வேலை பார்க்கும் அக்காவுக்கு இரண்டு வருஷம் முன்பு வாசற்படி தடுக்கி, ஒரு குடம் வெந்நீர் பாதத்தில் கொட்டிவிட்டது. மூன்று வாரம் நடக்க முடியாமல் படுத்திருந்தார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இந்த வீட்டில் யாரும் வெந்நீரைத் தூக்கக்கூடாது, குழாயைத் திறந்தால் வரவேண்டும்.

கரண்டு கீசர் ஏன் வைக்கவில்லை என்று மகன் கேட்டான். இந்த வீட்டு வயரிங் என் கல்யாணத்துக்கு முன்பு போட்டது. குளியலறைகள் ஒன்றுக்கொன்று நூறு அடி தள்ளி இருக்கின்றன. இரண்டு மூன்று கீசர் வைத்து அத்தனைக்கும் புது லைன் இழுக்க எனக்கு மனமில்லை. சூரிய ஒளி ஹீட்டரை நாட்டு ஓட்டின்மேல் ஏற்ற முடியாது. தரையில் வைக்கலாம் என்றால் தோட்டம் முழுக்க மா நிழல். அதோடு வெந்நீர் மிக அதிகமாக வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் மூடிக்கிடக்கும். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறையில் அது ஆளைக் கொன்றுவிடும். விறகு பாய்லர் திறந்தவெளியில் நிற்கிறது. விறகும் நமக்குப் பஞ்சமில்லை. கண்மாய்க்குள் வெட்டித்தள்ளும் சீமைக்கருவையே வருஷம் முழுக்கக் கிடைக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். 2019 குளிர்காலத்தில் மகளின் பேறுகாலத்துக்கு அமெரிக்காவில் மின்னசோட்டாவுக்குப் போயிருந்தேன். அங்கே ஊருக்கு வெளியே இருக்கிற சில வீடுகளின் பின்பக்கம் சின்னத் தகரக் கொட்டகை மாதிரி ஒன்று நிற்கும், மேலே புகைக்குழாய். அதற்குள் எரிவது விறகு. தீயைச் சுற்றி நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர். சூடான தண்ணீரை ஒரு பம்பு, மண்ணுக்கடியில் உறைபோட்டுப் புதைத்த குழாய் வழியாக வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். வீடு கதகதப்பாக இருப்பதும் அதனால்தான், குளிக்கிற வெந்நீரும் அதிலிருந்துதான். வெளியே மைனஸ் 25 டிகிரி, உள்ளே பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பால்பண்ணை வைத்திருந்தவர். நான் ஆர்வமாகக் கேட்டதும் கதவைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். தண்ணீர் தேவையான சூட்டுக்கு வந்ததும் காற்று போகிற தட்டு தானாக மூடிக்கொள்ளும். காற்று குறைந்த தீ அணையவும் செய்யாது, எரியவும் செய்யாது. உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். அப்போதுதான் அடர்த்தியான புகை வரும், குழாயில் தார் படியும். அவர் முதலில் வாங்கியது வீட்டுத் தேவைக்கு இரண்டு மடங்கு பெரியதாம். "பெரிய உலை எரியாதும்மா, தூங்கும். தூங்குகிற தீதான் புகையும்" என்று அவர் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். இந்தப் புகைத் தொல்லையால் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, புதிதாக விற்கிற இந்த உலைகளுக்கு 2015இல் புகை வரம்பு கொண்டுவந்தது. 2020 மே மாதத்திலிருந்து அதை இன்னும் இறுக்கியது.

ஊர் திரும்பி, பாய்லர் வாங்கப் போனபோது அவர் சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை. கண்முன்னால் நின்றதெல்லாம் மார்கழிக்கு வரப்போகிற நாற்பது பேர்தான்.

முதலில் வாங்கியது ஒரு கடையில், 300 லிட்டர், ஜிஐ தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) செய்தது. கடையின் பேர் வேண்டாம். "ஆச்சி, உங்க வீட்டுக்கு இதுதான் சரி, சின்னது வாங்கினா விசேஷத்துக்குக் காணாது" என்றார்கள். நானும் தலையாட்டினேன். முதல் நாள் பற்றவைத்ததும் அடுப்பு வாய்க்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு புகை வந்தது, தொண்டை கரித்தது. தகட்டின் துத்தநாகப் பூச்சு எரிந்து போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. துத்தநாகம் 420 டிகிரிக்குள் உருகிவிடும். நல்ல விறகுத் தீ அதை எளிதாகத் தாண்டும். தீ படுகிற இடத்தில் ஜிஐ தகடு போட்டதே பிழை. நாலே மாதத்தில் அடிப்பக்கம் துரு பிடித்து, வெல்டிங் செய்த இடத்தில் கசிய ஆரம்பித்தது.

அதைவிடப் பெரிய தொல்லை அளவு. மூன்று பேருக்கு ஆறு வாளி, வாளிக்கு 20 லிட்டர், மொத்தம் 120 லிட்டர். 27 டிகிரி தண்ணீரை 42 டிகிரிக்குக் கொண்டுவர 1,800 கிலோகலோரி போதும். 300 லிட்டரை 62 டிகிரிக்கு ஏற்ற 10,500 வேண்டும். அவ்வளவு விறகு எதற்கு என்று வேலைக்கார அக்கா பாதி எரியும்போதே விறகை இழுத்துவிடுவார், வாயைத் தகரத்தால் மூடுவார். மின்னசோட்டாப் பெரியவர் சொன்ன தூங்குகிற தீ எங்கள் பின்கட்டிலேயே படுத்துக்கிடந்தது. புகைக்குழாய் வெறும் மூன்றடி, ஓட்டுச் சரிவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. புகை நேராக மூன்றாங்கட்டுக்குள். என் மாமியாரின் மாமனார் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, ஒரு பக்கம் பழுப்பேறிவிட்டது. துடைத்தால் போகவில்லை. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. மாமியார் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஏத்தா, இதுக்கு அண்டாவே தேவலையே."

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடையில் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய இரும்புக்குத்தான் போட்டேன்.

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. முதலில் செம்பு பாய்லர் பார்க்கலாம் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. யார் யார் வீட்டுக் கதவோ, நிலையோ, எனாமல் தூக்குச்சட்டியோ எல்லாம் அங்கே வந்து நிற்கும். ஒரு கடையின் உள்பக்கம் 30 லிட்டர் செம்பு பாய்லர் ஒன்று கிடைத்தது. நடுவில் புகைக்குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், மேலே புனல், பக்கத்தில் பித்தளைக் குழாய். மேல் புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் குழாயில் ஒரு சொம்பு வெந்நீர் வரும், அந்த அமைப்பு. கழுத்தில் யாரோ ஒரு குடும்பத்தின் விலாசம் பொறித்திருந்தது.

அதைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து, தண்ணீர் ஊற்றும் வாய் வழியாக உள்ளே பார்த்தேன். நடுக்குழாயின் அடியில் ஊசிமுனை அளவு இரண்டு வெளிச்சப் புள்ளிகள். தீ நக்கி நக்கித் தகடு மெலிந்துபோயிருக்கிறது. விரலால் தட்டினால் மேலே "டங்" என்றது, கீழே "டப்" என்றது. கடைக்காரர் நல்ல மனிதர், "ஆச்சி, இது ஹோட்டல்காரங்க அழகுக்கு வாங்கறது, நீங்க எரிக்கப் போறீங்கன்னா வேணாம்" என்று அவரே சொல்லிவிட்டார். பழைய செம்பு பாய்லர் வாங்குகிறவர்கள் இந்த வெளிச்சப் பரிசோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். பற்றாசு வைத்து அடைக்கலாம், ஆனால் மெலிந்த தகட்டில் அது நிற்காது.

செம்பு நல்லதா, ஸ்டீல் நல்லதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெப்பம் கடத்துவதில் செம்புக்கு 400 என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 16தான். இதைக் கேட்டதும் செம்புதான் என்று தோன்றும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் தகட்டைக் கடப்பது சூட்டுக்குப் பெரிய வேலை இல்லை. புகைக்காற்றிலிருந்து தகட்டுக்குள் ஏறுவதுதான் கஷ்டம். அங்கேதான் தடை முழுக்க இருக்கிறது. அதிலும் கரி படிந்துவிட்டால் செம்பும் ஸ்டீலும் ஒன்றுதான். ஆகவே வெந்நீர் சீக்கிரம் வருமா என்பதற்காக மட்டும் செம்புக்கு இரண்டு மடங்கு பணம் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர் என்றால் நான் செம்பு பக்கம்தான் நிற்பேன். உப்பிலுள்ள குளோரைடு, சூட்டில், ஸ்டீலின் வெல்டிங் ஓரங்களில் குழி குழியாக அரிக்கும். தொண்டிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு இல்லை, சுண்ணாம்புதான். அதனால் ஸ்டீலுக்குப் போனேன்.

காரைக்குடியில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கிற வெல்டர் தம்பியிடம்தான் செய்யச் சொன்னேன். அளவு 110 லிட்டர். அவரும் முதலில், "ஆச்சி, பெரிய வீடு, 200ஆவது போடுங்க" என்றார். நான் ஆறு வாளிக் கணக்கைச் சொன்னேன். "மூணு பேருக்கு இதுவே ரெண்டு மடங்கு தம்பி. மிச்சம் சாயங்காலத்துக்கும் பாத்திரம் கழுவவும் இருக்கட்டும். நாப்பது பேர் வர்றப்ப விடாம எரிச்சுக்குவோம்" என்றேன். அவர் ஒரு சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே வட்டம் போட்டு, தகடு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார். அந்தத் தரைப் படத்தைத் திருத்தித் திருத்தித்தான் இந்த பாய்லர் பிறந்தது.

உள் தொட்டி 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆர்கான் வெல்டிங். தீ எரியும் அறையும் நடுக்குழாயும் இன்னும் கனமான 304 தகடு. வெளியே கண்ணாடிப் பஞ்சு சுற்றி, அதன்மேல் ஒரு மெல்லிய தகட்டுச் சட்டை. நடுக்குழாய் ஐந்து அங்குலம், மேலே பன்னிரண்டு அடிக்குப் புகைக்குழாய், உச்சியில் தொப்பி. மொத்தம் 21,500 ரூபாய் ஆனது. செங்கல் மேடையும் கொத்தனார் கூலியும் தனி.

நான் பிடிவாதமாக நின்ற ஒன்று, ஏர் பைப்பு. பாய்லருக்கு மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது, பச்சைத் தண்ணீர் அடியில் நுழையும், வெந்நீர் மேலிருந்து குளியலறைக்குப் போகும். உச்சியிலிருந்து ஒரு குழாய் நேராக எழுந்து, மாடித் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கும் மேலே போய், வாய் திறந்தபடி நிற்கவேண்டும். அதில் வால்வு கூடாது, மூடி கூடாது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். போக வழி இல்லையென்றால் பாய்லர் வெடிகுண்டுதான். மின்னசோட்டாவில் நான் பார்த்ததும் இப்படி மேலே திறந்து விட்ட அமைப்புதான். வெல்டர் தம்பி, "குழாய் நீளமா நின்னா பாக்க நல்லாருக்காது ஆச்சி, ஒரு வால்வு போட்டு முடிச்சிடலாமா?" என்று கேட்டார். முடியவே முடியாது என்றேன். வேறு எந்த விஷயத்திலும் நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதேபோல் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் பற்றவைக்கக் கூடாது. நாங்கள் முதலில் குளியலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் வந்தால்தான் தீக்குச்சியை எடுப்போம்.

சரி, எப்படி எரிகிறது என்பதற்கு வருகிறேன். தை மாதம் ஒரு வாரம் முழுக்க அளந்து பார்த்தேன். விடிகாலை தொட்டித் தண்ணீர் 27 டிகிரி. 5.00 மணிக்குத் தென்னம்பாளையும் இரண்டு கொட்டாங்கச்சியும் வைத்துப் பற்றவைப்பது, அப்புறம் காய்ந்த கருவை. 5.45க்கு 62 டிகிரி. மொத்த விறகு 2.6 கிலோ. 110 லிட்டரை 35 டிகிரி ஏற்ற 3,850 கிலோகலோரி. காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 என்று வைத்தால் போட்டது 9,100. பத்துக்கு நாலு பங்குக்கு மேல் தண்ணீருக்குப் போகிறது. விறகு அடுப்புக்கு இது நல்ல கணக்கு. இதே வேலையைக் கரண்டில் செய்தால் நாலரை யூனிட். அந்த 62 டிகிரி தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் கலந்து 42க்குக் கொண்டுவந்தால் பன்னிரண்டு வாளிக்கு மேல் வரும்.

முக்கியமாக, அந்த 45 நிமிஷமும் தீ முழு மூச்சாக எரிகிறது. பற்றும்போது ஐந்து நிமிஷம் புகை வருகிறது. அப்புறம் புகைக்குழாய் உச்சியைப் பார்த்தால் கானல் மாதிரி காற்று நெளிவது மட்டும்தான் தெரியும். தீ அடங்கித் தணலானதும் புகைக்குழாயில் இருக்கிற தட்டைத் திருப்பி மூடிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுக்குழாய் வழியாகக் காற்று ஏறி, சூட்டைத் திருடிக்கொண்டு போகும். மூடினால் நடுப்பகலில் 51 டிகிரி இருக்கிறது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்குக்கு அது போதும். பாய்லர் வெட்டவெளியில் நிற்பதால்தான் தணல் இருக்கும்போதே தட்டை மூடுகிறேன். அறைக்குள் வைத்தவர்கள் இதைச் செய்யவே கூடாது.

போன மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு 31 பேர் வந்தார்கள். அதுதான் எனக்குப் பரீட்சை. அன்று காலை நாலு மணிக்கே ஆரம்பித்தோம். முதல் சுற்று 45 நிமிஷம், இரண்டாவது மூன்றாவது சுற்றுக்குத் தகடு ஏற்கெனவே சூடாக இருந்ததால் 35 நிமிஷம்தான் ஆனது. ஆறரைக்குள் பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாரும் குளித்தாகிவிட்டது. சென்னையிலிருந்து வந்த நாத்தனார், "ஆச்சி, இன்னும் வெந்நி வருதா?" என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் வந்தது. நாற்பது பேர் வந்தால் கூடவே ஒரு அண்டாவைக் கோட்டை அடுப்பில் ஏற்றிக்கொள்வேன். அண்டாவுக்கு நம் சாமான் அறைகளில் குறைவா? வருஷத்தில் நாலு நாளுக்காக 361 நாள் பெரிய தீயைத் தூங்கவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பாய்லரைவிட விறகு பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. பச்சை விறகில் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர். அதை எரித்தால் முதலில் அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்கவைக்கிறீர்கள், குளிக்கிற தண்ணீர் அப்புறம்தான். நான் பங்குனியில் ஒரு டன் கருவை வாங்கி, கை மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் செங்கல்மேல் அடுக்கினேன். அதில் ஒரு கட்டைக்கு மட்டும் சிவப்புத் துணி கட்டி, வாரம் ஒரு தடவை தராசில் தொங்கவிட்டேன். வாங்கிய அன்று 3.4 கிலோ. சித்திரை வெயில் முடியும்போது 2.5. ஆனி பாதியில் 2.3, அதற்கப்புறம் இறங்கவே இல்லை. அன்றைக்குத்தான் அது விறகு. அந்தக் கட்டையை இன்னும் எரிக்காமல் வைத்திருக்கிறேன். விறகு காய்ந்ததா என்று பார்க்கத் தராசு வேண்டும் என்றில்லை. இரண்டு துண்டைத் தட்டினால் மணி மாதிரி "டக்" என்று கேட்கவேண்டும், வெட்டு முகத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு ஓடியிருக்கவேண்டும், மரப்பட்டை விரலில் உரிந்து வரவேண்டும்.

புளி நன்றாக நின்று எரியும், ஆனால் பிளக்க ஆள் கிடைப்பதில்லை. முந்திரி சீக்கிரம் பற்றும், சீக்கிரம் முடியும். பழைய ஜன்னல் சட்டம், பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட்டு இவற்றை யாராவது பாய்லரில் போட்டால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பெயிண்டிலும் பசையிலும் என்ன இருக்கிறதோ, அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில்தான் போய்ச் சேரும்.

எங்கே நிறுத்துவது என்பதற்குக் காற்றைப் பார்க்கவேண்டும். எங்கள் வீடு கிழக்கே வாசல், மேற்கே தோட்டம். ஐப்பசியிலிருந்து தை வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். தோட்டத்தின் தென்மேற்கு மூலையில் பாய்லர் நிற்பதால் புகை வீட்டைவிட்டு விலகிப் போகிறது. ஆடிக் காற்று இதற்கு நேர் எதிர், மேற்கிலிருந்து வீட்டுக்குள் வீசும். ஆனால் ஆடியில் மாமியாருக்கு மட்டும் இரண்டு வாளிதான். அதற்குப் பன்னிரண்டு அடிப் புகைக்குழாய் போதுமானதாக இருக்கிறது. உயரம் கூடக் கூடக் குழாய் நன்றாக இழுக்கும். அடுப்பு வாயில் புகை திரும்பி முகத்தில் அடிக்காது. ஆனால் கீற்றுக் கொட்டகைக்குப் பக்கத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரு பொறி போதும்.

பராமரிப்பு என்று பார்த்தால் இரண்டு வேலைகள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நீளக் கம்பிப் பிரஷ்ஷை நடுக்குழாயில் மேலிருந்து இறக்கிக் கரியைச் சுரண்டுகிறோம். சுரண்டாத வாரத்தில் அதே 62 டிகிரிக்கு ஏழு எட்டு நிமிஷம் கூடுதலாகிறது, நானே பார்த்தேன். சாம்பலைத் தினமும் எடுத்துவிடவேண்டும். நனைந்த சாம்பல் தகட்டை அரிக்கும், மழைக்காலத்தில் கவனம். எங்கள் சாம்பல் பாதி பித்தளை விளக்கு தேய்க்க, பாதி தென்னை மூட்டுக்கு.

சுண்ணாம்புப் படிவுக்கு ஒரு வழி எங்கள் வீட்டிலேயே இருந்தது. வளவில் விழுகிற மழைத்தண்ணீரை அந்தக் காலத்திலிருந்தே அண்டாக்களில் பிடிப்பது வழக்கம். மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, கொதித்தாலும் எதுவும் படியாது. ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தொட்டியையே மழைத்தண்ணீரால் நிரப்பிவிடுகிறேன். மற்ற மாதங்களில் போர் தண்ணீர்தான்.

குறைகளும் இருக்கின்றன. விறகு கிடக்கிற கம்பித் தட்டு மெல்லிய கம்பியில் செய்தது, நாலாம் மாதம் சூட்டில் தொய்ந்து நடுவில் பள்ளம் விழுந்தது. தம்பியிடம் சொன்னதும் தகராறு இல்லாமல் வந்து வார்ப்பிரும்புத் தட்டு போட்டுக்கொடுத்தார், அதற்கு 900 ரூபாய் வாங்கினார். முதலிலேயே வார்ப்பிரும்பு கேட்டு வாங்கிவிடுங்கள். அடியில் வண்டல் கழுவி விட ஒரு வால்வு வைக்கவில்லை. அதையும் அப்புறம்தான் வைத்தோம், தொட்டியைக் காலி செய்து துளை போடவேண்டியதாயிற்று. அடுப்புக் கதவின் ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது, ஒருநாள் என் முந்தானையைக் கிழித்தது. அரம் போட்டு மழுக்கியாகிவிட்டது. வெப்பமானி பொருத்த இடமே விடவில்லை. நான் குழாயில் பிடித்துத்தான் அளக்கிறேன்.

இன்னும் சரியாகாதது குளியலறைக் குழாய்தான். திருகித் திறக்கிற குழாயை மாமியாரின் விரல்களால் திருக முடியவில்லை. யாராவது வந்து திறக்கக் காத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கைப்பிடி நீளமான, புறங்கையால் தள்ளினாலே திறக்கிற பால் வால்வு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு நீலக் கைப்பிடி, வெந்நீருக்குச் சிவப்பு. பிளம்பர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மட்டும் காலையில் பாய்லர் பற்றவைக்கமாட்டோம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப ஒரு சின்ன அண்டா ஏத்திரு" என்றார். ஏற்றத்தான் போகிறேன்.